பருத் தடத்துக்கு டப்பா க்ரீமா?

தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகளுக்கு 19 வயது. கன்னத்தில் பரு விட்டுப்போன கருந்தடங்கள் மறையவில்லை. சந்தையில் லேபிள் இல்லாத டப்பாவில் ஒரு க்ரீம் வாங்கிப் பூசினார்களாம். பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. நிறுத்தியதும் பருவும் வந்தது, தடமும் முன்னைவிடக் கறுத்தது. “மூன்று மாதத்தில் நிச்சயதார்த்தம், இன்னொரு டப்பா வாங்கலாமா?” என்று கேட்கிறார்.

வாங்கவே வாங்காதீர்கள். பூசினால் பளிச், நிறுத்தினால் பழைய கதை என்றால், உள்ளே ஸ்டீராய்டு இருக்கிறது என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன். மகளை ஜன்னல் பக்கம் உட்காரவைத்துப் பாருங்கள். கன்னத்தில் நூல் போலச் சிவப்பு நரம்புகள், புதிதாகப் பூனைமுடி தெரிந்தால் சந்தேகம் பலமாகிறது. இப்படிப்பட்ட டப்பாக்களில் பாதரசமும் இருப்பதுண்டு. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

தோலை வெளுக்கும் க்ரீம்களுக்கு எதிராக இந்த நாடு சட்டம் போட்டது 1990-ல். சட்டமும் இருக்கிறது, டப்பாவும் இருக்கிறது! அரசு மருத்துவமனையில் தோல் டாக்டரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்கச் சொன்னால், ஜனங்கள் டப்பாக்காரரிடம் போகாமல் என்ன செய்வார்கள்?

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தோலை வெளுக்கும் க்ரீம்களில் சேர்க்கும் ஹைட்ரோகுவினோன் என்ற மருந்தே விஷம் என்று நான் சொல்லவில்லை. டாக்டர் எழுதிக்கொடுத்து, தடத்தின் மேல் மட்டும், சில மாதம் மட்டும் பூசினால் நல்ல மருந்துதான். நானே எழுதித் தருகிறேன். அளவு தெரியாமல் முகம் முழுக்க வருடக்கணக்கில் பூசினால்தான் வினை. வெளுக்கப் பூசிய இடமே நீலம் பாய்ந்த கறுப்பாகி, மிளகு தூவினாற்போல் சொரசொரத்துப் போகும். இங்குள்ள மருத்துவர்கள் 1975-லேயே இதை எழுதி எச்சரித்தார்கள். அந்தக் கறுப்பைப் போக்குவது பெரும்பாடு.

சரி, மகள் என்ன செய்யலாம்? பரு புண்ணானதும் தோல் நிறமியை அதிகமாகச் சுரந்துவிடுகிறது, அதுதான் தடம். வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். அதனால் முதல் மருந்து சன்ஸ்க்ரீன், அதாவது வெயில் தடுப்பு க்ரீம். வெயிலைத் தடுக்கும் அளவைச் சொல்லும் எஸ்பிஎஃப் எண் 30-க்குக் குறையாமல், ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளவாக்கில் பிதுக்கிய அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். டர்பன் குளிர்காலத்திலும் விடக்கூடாது, கார் கண்ணாடிக்குள்ளும் வெயில் வரும். நம் நிறத்துக்கு, சாயம் கலந்த சன்ஸ்க்ரீன் இன்னும் நல்லது.

இரவில் பருவுக்குப் பூசும் அடாபலீன் என்ற மருந்து 0.1 சதவீதம், பட்டாணி அளவு, முதலில் வாரம் மூன்று நாள். அது ஒத்துக்கொள்ளாவிட்டால் அசெலாயிக் அமிலம் என்ற பூச்சு மருந்து. கர்ப்பமாக இருப்பவர்கள் அடாபலீன் பக்கமே போக வேண்டாம். பருவைக் கிள்ளுவதும் எலுமிச்சைச் சாறு தேய்ப்பதும் இன்றோடு நிற்கட்டும். சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் வெந்து கறுத்துவிடும். பார்லரில் “பீல்” (தோலை உரிப்பது) செய்கிறோம் என்றால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

மூன்று மாதத்தில் தடம் மங்கத் தொடங்கும், முழுதும் போக ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும். நிச்சயதார்த்தத்தன்று மேக்கப் போட்டுக்கொள்ளட்டும், தப்பில்லை.

அப்புறம், டாக்டரிடம் போகும்போது அந்த டப்பாவைக் கையோடு கொண்டுபோங்கள். காலியாக இருந்தாலும் சரி. எத்தனை மாதம் பூசினாள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் திட்டினால் திட்டட்டும்.