தடுப்பூசி போதாதபோது யாருக்கு, எவ்வளவு? கேள்வி பதில்

2016-ல் அங்கோலாவிலும் காங்கோ ஜனநாயகக் குடியரசிலும் கொசு மூலம் தொற்றும் மஞ்சள் காய்ச்சல் பரவியது. தடுப்பூசி தீர்ந்துபோகும் நிலை வந்தபோது ஒரு டோஸை ஐந்து பேருக்குப் பிரித்துப் போட்டார்கள். அது சரியா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். தடுப்பூசித் திட்டத்தில் பல வருடம் வேலை பார்த்த மருத்துவர் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

டாக்டர், தட்டுப்பாடு எப்படி வந்தது? வேகமாகத் தயாரித்திருக்கலாமே? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

நோய் 2015 டிசம்பரில் அங்கோலாவின் தலைநகர் லுவாண்டாவில், வியானா பகுதியில் தலைகாட்டியது. உலகம் முழுவதற்கும் சேர்த்து வைத்திருந்த அவசரக் கையிருப்பு 60 லட்சம் டோஸ். லுவாண்டா என்ற ஒரு நகரத்துக்கே அது பற்றாது. அதற்குள் நோய் எல்லை தாண்டி காங்கோவுக்குப் போய்விட்டது. தலைநகர் கின்ஷாசாவில் ஒரு கோடிப் பேருக்கு மேல் இருக்கிறார்கள்.

இந்தத் தடுப்பூசியைக் கோழி முட்டைக் கருவில் வளர்த்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு தொகுதி கைக்கு வர ஏறக்குறைய ஒரு வருடம் பிடிக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதல் பெற்ற தயாரிப்பாளர்கள் அப்போது நாலே பேர்: பிரான்ஸ், பிரேசில், செனகல், ரஷ்யா. பணத்தைக் கொட்டினாலும் அந்த வருடத்துக்குள் தேவையான அளவு வந்திருக்காது.

கையிருப்பு யார் பொறுப்பில் இருக்கிறது? எந்த நாட்டுக்குக் கொடுப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள்?

1997-ல் அமைத்த ஒரு சர்வதேச ஒருங்கிணைப்புக் குழு. உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், எல்லைகளற்ற மருத்துவர்கள், செஞ்சிலுவை-செம்பிறைச் சங்கங்களின் கூட்டமைப்பு ஆகிய நான்கும் அதில் இருக்கின்றன. நாடு விண்ணப்பிக்க வேண்டும். நோய் ஆய்வகத்தில் உறுதியானதா, எங்கே பரவுகிறது, ஊசி போடும் திட்டம் என்ன என்று பார்த்து ஓரிரு நாளில் முடிவு சொல்வார்கள்.

ஐந்தில் ஒரு பங்கு என்பது ஏழை நாட்டு மக்கள்மேல் செய்த பரிசோதனை இல்லையா? ஐரோப்பியருக்கு இப்படிப் போடுவார்களா? (ஆசிரியர், யாழ்ப்பாணம்)

எல்லாக் கேள்விகளிலும் இதுதான் முக்கியமானது. கோபமும் நியாயமானது. ஆப்பிரிக்காவில் மருந்து விஷயத்தில் நடந்தவற்றை அறிந்த யாருக்கும் முதலில் இந்தச் சந்தேகம்தான் வரும்.

ஆனால் அந்த முடிவு காற்றில் எடுத்ததல்ல. ஒரு டோஸில் குறைந்தது 1000 சர்வதேச அலகு வீரியம் இருக்க வேண்டும் என்பது விதி. தொழிற்சாலையிலிருந்து வருவதில் அதைவிடப் பல மடங்கு இருக்கும். பிரேசிலில் ராணுவ இளைஞர்களுக்கு வெவ்வேறு அளவில் போட்டுப் பார்த்த ஆய்வில், அளவை நன்றாகக் குறைத்தும் முழு டோஸுக்கு ஈடான எதிர்ப்புத்திறன் வந்தது. இந்தச் சான்றுகளை நிபுணர் குழு அலசிய பிறகுதான், அவசர நேரத்தில் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு போடலாம் என்று 2016 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. சிறு குழந்தைகளுக்குப் போதிய சான்று இல்லை. அதனால் இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முழு டோஸ்தான் போட்டார்கள். சான்று இருந்த இடத்தில் மட்டும் குறைத்தார்கள் என்பதால்தான் அந்த முடிவை நான் மதிக்கிறேன்.

ஆகஸ்ட் 17 அன்று கின்ஷாசாவில் தொடங்கி, மழைக்காலம் வந்து கொசு பெருகுவதற்கு முன், 70 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் போட்டார்கள். பிறகு ஒரு பகுதியினரின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது, முன்பு எதிர்ப்புத்திறன் இல்லாதவர்களில் 98 சதவீதம் பேருக்கு அது உருவாகியிருந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2018-ல் பிரேசிலில் மஞ்சள் காய்ச்சல் வந்தபோது, தடுப்பூசியைத் தயாரிக்கும் அந்த நாடே சாவோ பாவ்லோ, ரியோ மாநிலங்களில் தன் சொந்த மக்களுக்கு இதே அளவைத்தான் போட்டது. எல்லோருக்கும் முழு டோஸ் வேண்டும் என்று அடம்பிடித்திருந்தால் கின்ஷாசாவில் ஐந்தில் நாலு பேர் வெறுங்கையோடு திரும்பியிருப்பார்கள். அதுதான் எனக்குப் பெரிய அநீதியாகப் படுகிறது.

ஒரு நிபந்தனை உண்டு. குறைந்த அளவுதான் போடுகிறோம், ஏன் போடுகிறோம் என்பதை வரிசையில் நிற்பவரிடம் அவர் மொழியிலேயே சொல்லிவிட வேண்டும். மறைத்துப் போட்டால், மருந்து வேலை செய்தாலும் அடுத்த முறை அந்த மக்கள் வரமாட்டார்கள்.

நான் செவிலியர், மேடம். ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 0.1 மில்லி எடுப்பது லேசான காரியம் இல்லையே?

இல்லைதான். வழக்கமான 0.5 மில்லி சிரிஞ்சில் அதை அளக்க முடியாது. பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியைத் தோலுக்குள் போடப் பயன்படுத்தும் வகைச் சிரிஞ்சுகளைப் பெருமளவில் தேட வேண்டியிருந்தது. அதற்காக இதையும் தோலுக்குள் போடவில்லை, வழக்கம்போலத் தோலுக்கு அடியில்தான். பத்து டோஸ் குப்பி ஐம்பது பேருக்கு வரும். ஆனால் கரைத்த மருந்தை ஆறு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். கூட்டம் நிறைந்த நகரத்துக்கு இது ஒத்துவரும். ஆள் குறைந்த கிராமத்தில் பாதிக் குப்பி வீணாகும்.

பெரியம்மைக்குச் செய்தது மாதிரி, நோயாளியைச் சுற்றி இருப்பவர்களுக்கு மட்டும் போட்டிருக்கலாமே?

நல்ல யோசனை, ஆனால் இந்த நோய்க்குப் பொருந்தாது. 1966-ல் கிழக்கு நைஜீரியாவில் மருந்து போதாதபோது அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஃபேகி அப்படித்தான் செய்தார். மிஷனரிகளின் ரேடியோ மூலம் எந்த ஊரில் அம்மை என்று விசாரித்து, அங்கே மட்டும் போட்டு நோயை நிறுத்தினார். பெரியம்மை முகத்திலேயே தெரியும், மனிதரிடமிருந்து மனிதருக்கு மட்டும் பரவும். மஞ்சள் காய்ச்சலில் தொற்றிய பலருக்கு அறிகுறியே இருக்காது, பரப்புவதோ ஏடிஸ் கொசு. யாரைச் சுற்றி வளையம் போடுவீர்கள்?

செல்வாக்கு உள்ளவர்கள் முந்திக்கொள்வதை எப்படித் தடுப்பது?

முழுசாகத் தடுத்த நாடு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. குறைக்க முடியும். முதல் வேலை, யாருக்கு முன்னுரிமை என்பதைத் தட்டுப்பாடு தெரிந்த அன்றே வெளிப்படையாக அறிவிப்பது. 2004 அக்டோபர் 5-ல் இங்கிலாந்தின் லிவர்பூலில் இருந்த ஃப்ளூ தடுப்பூசித் தொழிற்சாலையின் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். அமெரிக்கா எதிர்பார்த்திருந்த டோஸ்களில் ஏறக்குறைய பாதி போய்விட்டது. அதே நாளில் அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் முதியவர்கள், கைக்குழந்தைகள், நாள்பட்ட நோயாளிகள் என்று பட்டியலை வெளியிட்டது. அப்போதும் வரிசையில் முதியவர்கள் மணிக்கணக்கில் நின்றார்கள், சில ஊர்களில் குலுக்கல் போட்டார்கள். ஆனால் விதி என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மீறியவரைப் பார்த்துக் கேள்வி கேட்க முடிந்தது.

அப்புறம் கணக்கு. அங்கோலாவுக்கு அனுப்பியதில் சுமார் பத்து லட்சம் டோஸ் எங்கே போனதென்று தெரியவில்லை என்று ஏ.பி. செய்தி நிறுவனம் 2016-ல் எழுதியது. ஒவ்வொரு குப்பிக்கும் கணக்கு வைக்காத தலைமை, மக்களைப் பொறுமையாக இருக்கச் சொல்லக் கூடாது.

லுவாண்டாவுக்கு வேலைக்குப் போகிறேன். குறைந்த டோஸ் போட்டால் பயணத்துக்கான தடுப்பூசிச் சான்றிதழ் கிடைக்குமா?

கிடைக்காது. சர்வதேசப் பயணத்துக்கு முழு டோஸ் மட்டுமே செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போட்டுக்கொள்ளலாம். சான்றிதழ் பத்து நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும் என்பதால் கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். 2016 ஜூலைக்குப் பிறகு அது வாழ்நாள் முழுக்கச் செல்லும், பத்து வருடத்துக்கு ஒருமுறை போட வேண்டியதில்லை. தட்டிக்கழிக்க மட்டும் வேண்டாம். 2016-ல் அங்கோலாவில் வேலை பார்த்துத் திரும்பிய 11 பேர் நோயோடு சீனாவுக்குப் போனார்கள். பரப்பும் கொசு நம் ஊரிலும் இருக்கிறது. நோய் மட்டும்தான் இன்னும் வரவில்லை.