பழைய ஆல் வீல் டிரைவ் செடான் வாங்கலாமா? காரைக்குடி வட்டாரக் கேள்விகளும் பதில்களும்

செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. பதில் சொல்பவர் ஐரோப்பிய கார்களின் கியர்பாக்ஸ், டிரைவ்லைன் வேலை தெரிந்த மெக்கானிக்.

காரைக்குடி: அண்ணே, பத்து வருஷம் வெச்சு ஓட்டுற மாதிரி ஒரு பழைய ஆல் வீல் டிரைவ் செடான் தேடுறேன். மதுரைக்கும் திருச்சிக்கும் அடிக்கடி போக வேண்டியிருக்கு. எது எடுக்கலாம்?

பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் போய்வர நாலு சக்கரமும் இழுக்கணும்னு அவசியமே இல்லை தம்பி. பெரிய எஞ்சினோடு ஐப்பசி மழையில் ஹைவேயில் போகும்போது வண்டி நிலையாக நிற்கும், லாபம் அதுதான். அதற்குப் பதிலாக சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் ஒரு டிரான்ஸ்ஃபர் கேஸ், அதைக் கொண்டுபோகும் ஒரு புரொப்பெல்லர் ஷாஃப்ட், இரண்டு சக்கரத்துக்கும் பங்கிடும் டிஃபரென்ஷியல் கூடுதலாக ஒன்று, நாலைந்து ஆயில் சீல் என்று பராமரிக்க வேண்டியது கூடும். இது சம்மதம் என்றால் மேலே பேசலாம்.

முதலில் வண்டியின் பின்னால் இருக்கும் மாடல் பேட்ஜைப் பாருங்கள். இங்கே அதிகம் விற்ற ஆடி ஏ6 35 டிடிஐ முன்சக்கர வண்டி. பிஎம்டபிள்யூ 520டி, 530டி, பென்ஸ் ஈ220டி செடான் எல்லாம் பின்சக்கர வண்டிகள். "ஆடின்னாலே குவாட்ரோதான்" (ஆடியின் ஆல் வீல் டிரைவுக்கு அந்தப் பெயர்) என்று புரோக்கர் சொன்னால், குனிந்து பின்பக்கம் டிஃபரென்ஷியல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

பட்ஜெட் இடம் கொடுத்தால் என் முதல் தேர்வு பிஎம்டபிள்யூ எம்340ஐ எக்ஸ்டிரைவ் (பிஎம்டபிள்யூவில் ஆல் வீல் டிரைவுக்கு அதுதான் பெயர்). 2021-ல் இங்கே வந்தது. பி58 என்ற ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், இசட்எஃப் எட்டு ஸ்பீட் டார்க் கன்வெர்ட்டர் கியர்பாக்ஸ், இரண்டுமே நீண்ட நாள் உழைப்பவை. இடையில் பழுதாவது பிளாஸ்டிக் கூலன்ட் பைப்புகளும் ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட்டும்தான். வண்டி தரையோடு தரையாக இருக்கும் என்பதால் நம்மூர் வேகத்தடைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

கிராமத்து ரோடுதான் அதிகம் என்றால் வோல்வோ எஸ்60 கிராஸ் கன்ட்ரி. 2.4 லிட்டர் ஐந்து சிலிண்டர் டீசல், ஆறு ஸ்பீட் ஆட்டோமேட்டிக், சுமார் 20 செ.மீ. தரை இடைவெளி. இதில் டைமிங் செயின் கிடையாது, பெல்ட். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். மாற்றிய பில் இல்லையென்றால் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

ஆடி ஏ8எல் இன்னொரு வகை. கியர்பாக்ஸ் நல்லது, ஏர் சஸ்பென்ஷன் செலவு வைக்கும். ஏ6 3.0 டிடிஐ குவாட்ரோவை பில் கையில் இருந்தால் மட்டும் பார்க்கலாம். காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

எதை வாங்கினாலும் விலையில் ஐந்தில் ஒரு பங்கை முதல் வருடத்துக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். அந்தப் பணம் இல்லாமல் வாங்குவதாக இருந்தால் ஒரு படி சின்ன வண்டியாகப் பாருங்கள்.

தேவகோட்டை: 2013 ஏ6 3.0 டிடிஐ குவாட்ரோ, 62,000 கி.மீ. பாத்துட்டு வந்தேன். டிராஃபிக்ல ஊர்ந்து போகும்போது ஒரு சின்ன உதறல். "எல்லா ஆடியும் இப்படித்தான்"கிறார் விக்கிறவர். உண்மையா?

உண்மையில்லை. அதில் இருப்பது டிஎல்501 என்ற ஏழு ஸ்பீட் எஸ் டிரானிக். எண்ணெயில் நனைந்த இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். 60,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை கிளட்ச் ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும், ஏழு லிட்டர் அளவில் பிடிக்கும். அந்த ஆயில் கிளட்ச் தேய்மானத் தூளைச் சுமந்துகொண்டு கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக்ஸ் யூனிட்டுக்குள் சுற்றுகிறது. மாற்றாமல் விட்டால் அதிலுள்ள சாலினாய்டுகள் (மின் வால்வுகள்) மந்தமாகும், உதறல் வரும். முற்றினால் கியர் எழுத்து மீட்டரில் மினுக்கும். சில நேரம் ஒற்றைப்படை கியர்கள் மட்டும், அல்லது இரட்டைப்படை மட்டும் வேலை செய்யும்.

பாதி கேஸ்களில் ஆயில், ஃபில்டர் மாற்றி, ஸ்கேனர் வைத்து கிளட்ச் அடாப்டேஷன் (கிளட்ச் பிடிக்கும் அளவைக் கம்ப்யூட்டருக்குப் புதிதாகப் பழக்குவது) செய்தாலே உதறல் போய்விடும். மீதிப் பாதியில் மெக்கட்ரானிக்ஸ் கழற்ற வேண்டிவரும். நீங்கள் எந்தப் பாதி என்பது வாங்குவதற்கு முன்னால் தெரிய வேண்டும். விற்பவரிடம் "ஆயில் சர்வீஸ் உங்கள் செலவில், அதன் பிறகு ஓட்டிப் பார்த்து முடிவு" என்று சொல்லுங்கள். மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

இன்னொன்று, டைமிங் செயின். இந்த எஞ்சினில் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது, அதை எட்டவே எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும். அதனால் காலையில் முதல் ஸ்டார்ட்டை நீங்கள் கேட்க வேண்டும். போவதற்கு முன்பே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் பானெட்டில் கை வைத்ததும் தெரிந்துவிடும். அன்றைக்குப் பார்க்க வேண்டாம், மறுநாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். ஸ்டார்ட் ஆனதும் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் கடகடவென்று சத்தம் நீடித்தால் அந்த வண்டி வேண்டாம்.

பொன்னமராவதி: நம்மளே ஒரு மணி நேரத்துல செஞ்சு பாக்குற சோதனை இருக்கா?

இருக்கிறது. கையில் டயர் பள்ளத்தின் ஆழத்தை அளக்கும் ட்ரெட் கேஜும் டார்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாலு டயரும் ஒரே பிராண்ட், ஒரே மாடலா என்று பாருங்கள். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 3221 என்றால் 2021-ன் 32-வது வாரம். பிறகு ட்ரெட் ஆழத்தை ஒவ்வொரு டயரிலும் உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் என்று மூன்று இடத்தில் அளந்து எழுதுங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால், சென்டர் டிஃபரென்ஷியலோ டிரான்ஸ்ஃபர் கேஸோ எத்தனை நாளாக அடி வாங்கியதோ என்று சந்தேகப்படுங்கள். சில மாடல்களில் முன்னும் பின்னும் டயர் சைஸே வேறு. அங்கே கம்பெனி சொன்ன சைஸ்தான் போட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்து, காலியான பொட்டல் ஒன்றில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, பிரேக்கை லேசாக விட்டு, நடை வேகத்தில் எட்டுப் போடுங்கள். முதலில் வண்டி ஆறிய நிலையில், அப்புறம் இருபது நிமிடம் ஓட்டிச் சூடான பிறகு. யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் வண்டி விட்டுவிட்டு நகர்ந்தால் எக்ஸ்டிரைவில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கிளட்ச், வோல்வோவில் பின்சக்கரங்களை இணைக்கும் ஹால்டெக்ஸ் கிளட்ச், அல்லது பொருந்தாத டயர் என்று அர்த்தம். 'டக் டக்' என்று சக்கரத்தோரம் கேட்டால் சக்கரத்துக்குச் சக்தி கொடுக்கும் அச்சின் மூட்டான சிவி ஜாயின்ட்.

கடைசியாக ஒரு லிஃப்ட்டில் ஏற்றுங்கள். சிவி பூட்டில் (அந்த ஜாயின்ட்டின் ரப்பர் உறையில்) கிழிசல், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நடு பேரிங், ரப்பர் கப்ளிங்கில் வெடிப்பு, டிஃபரென்ஷியல் இரண்டு பக்க சீலிலும் கசிவு, இவை நாலும் முக்கியம். லேசாக ஈரம் இருந்து அதில் நம்மூர் செம்மண் ஒட்டியிருந்தால் அது பழைய கசிவு. அடிப்பாகம் மட்டும் பளபளவென்று கழுவியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஸ்கேனரில் ஃபால்ட் இல்லை என்பதை மட்டும் நம்ப வேண்டாம். 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கேன் போடுங்கள், முன்னாடி அழித்த ஃபால்ட் அப்போது திரும்பி வரும்.

பள்ளத்தூர்: ஒரு டயர் வெட்டுப்பட்டுப் போச்சு. முன்னாடி ரெண்டு மட்டும் புதுசு போட்டா போதாதா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். சக்கரத்தின் ஆரம் சுமார் 33 செ.மீ. பின் டயர் 3 மி.மீ. தேய்ந்திருந்தால் சுற்றளவு ஏறத்தாழ ஒரு சதவீதம் குறையும். கிலோமீட்டருக்கு நாலு சுற்று அது கூடுதலாகச் சுற்றும். காரைக்குடியிலிருந்து திருச்சி போய்ச் சேருவதற்குள் ஏறத்தாழ நானூறு சுற்று. அத்தனையையும் நடுவில் இருக்கும் கிளட்ச் தகடுகள் வழுக்கித்தான் சமாளிக்கின்றன. அந்த உராய்வில் ஆயில் காய்ந்து, தகடு கருகும். பழைய டயர்கள் அரை உயிரில் இருந்தால் நாலும் மாற்றுங்கள். புதிதாகவே இருந்தால் அதே மாடலில் ஒன்று போதும்.

கானாடுகாத்தான்: தம்பி, பக்கத்து வீட்டுப் பிள்ளை சிங்கப்பூர்ல இருக்கான். அவனோட எம்340ஐ, 2021 மாடல், 9,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. ஷெட்டுலயேதான் நிக்குது. எம் பேரன் வாங்கணும்கிறான். புதுசு மாதிரிதானே?

ஆச்சி, குறைந்த கிலோமீட்டரை ஒரு பெருமையாகச் சொல்வார்கள். நின்ற வண்டிக்கு நோய் வேறு. நம்ம பக்கம் பூட்டிய வீட்டு ஷெட்டுகளில் இப்படி நிறைய நிற்கின்றன. வாங்கலாம், ஆனால் பேரனைக் கீழே சொல்வதையெல்லாம் பார்க்கச் சொல்லுங்கள்.

எலி முதல் எதிரி. எஞ்சின் மேலே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, அடியில் பஞ்சு, வேப்பங்கொட்டை, புழுக்கை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏசி ஃபில்டரை வெளியே எடுக்க வேண்டும். அங்கேதான் கூடு கட்டும். ஒயரிங் ஹார்னஸில் கருப்பு டேப் புதிதாகச் சுற்றியிருந்தால் ஏற்கெனவே ஒரு தடவை கடித்தாயிற்று என்று அர்த்தம்.

பேட்டரி டிக்கியில் இருக்கும். ஒரு ராத்திரி நிறுத்தி வைத்து மறுநாள் அளந்தால் 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருக்கக் கூடாது. மாற்றினால் ஏஜிஎம் என்ற வகை பேட்டரிதான் போட வேண்டும், போட்ட பிறகு ஸ்கேனரில் பதிவும் செய்ய வேண்டும். இல்லையென்றால் பழைய பேட்டரி என்றே நினைத்துச் சார்ஜ் செய்யும்.

டயரில் ட்ரெட் எட்டு மி.மீ. இருந்தாலும் வயது ஐந்தைத் தாண்டியிருந்தால், ஒரே இடத்தில் நின்று தட்டையாகியிருந்தால், நாலையும் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். 80 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் அதிர்ந்தால் அதுதான். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றியிருக்க வேண்டும். டேங்கில் நிற்பது எத்தனால் கலந்த பெட்ரோல், அதுவும் ஈரம் இழுக்கும். பழசை இறக்கிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். எஞ்சின் ஆயில் 6.5 லிட்டர், ஓடாவிட்டாலும் வருடம் ஒரு முறை மாற்றணும். "ஓடவே இல்லையே, எதுக்கு மாத்தணும்" என்று விட்ட வண்டியில்தான் ஆயில் கெட்டுப்போயிருக்கும்.

இத்தனையும் தேறினால் நல்ல வண்டி ஆச்சி. ஷெட்டில் நிற்கிற நாட்களில் ஒரு ஸ்மார்ட் சார்ஜர் மாட்டி வைக்கச் சொல்லுங்கள். வாரம் ஒரு தடவை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதால் நன்மை இல்லை, கெடுதல்தான். எடுத்தால் அரை மணி நேரம் ஓட்டணும்.

புதுவயல்: "கியர்பாக்ஸ் ஆயில் லைஃப்டைம்"னு புக்குல போட்டிருக்கே. மாத்தணுமா? நம்ம ஊர் மெக்கானிக் செய்வாரா?

எம்340ஐ-யில் இருக்கும் எட்டு ஸ்பீட் கியர்பாக்ஸைச் செய்யும் இசட்எஃப் கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், இல்லையென்றால் எட்டு வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது. நம்ம வெயிலுக்கு 80,000 என்றே வையுங்கள். ஃபில்டர் அடியில் இருக்கும் ஆயில் பேனோடு (ஆயில் தட்டோடு) ஒட்டியே வரும், தட்டை முழுசாக மாற்ற வேண்டும். அளவு பார்ப்பதுதான் நுணுக்கம். வண்டி சமமாக நிற்க, எஞ்சின் ஓட, ஒவ்வொரு கியருக்கும் போட்டு எடுத்துவிட்டு, ஆயில் சூடு 30-லிருந்து 50 டிகிரிக்குள் இருக்கும்போது நிரப்பும் துளையிலிருந்து மெல்லிய நூலாக வழிய வேண்டும். ஸ்கேனர் இல்லாமல் இந்தச் சூட்டை அறிய வழியில்லை. அது இல்லாத இடத்தில் கொடுக்காதீர்கள்.

எக்ஸ்டிரைவ் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு ஒரு லிட்டருக்கும் குறைவாகத்தான் பிடிக்கும், அதற்கென்று தனி ஆயில் இருக்கிறது. சாதாரண ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஊற்றினால் கிளட்ச் நடுங்கும். மாற்றிய பின் அடாப்டேஷனை ரீசெட் செய்யணும். ஹால்டெக்ஸ் வண்டியில் ஆயில் மட்டும் மாற்றி அனுப்பிவிடுவார்கள், பம்ப்பைக் கழற்றி அதன் சல்லடையைக் கழுவ மாட்டார்கள். சல்லடை அடைத்தால் பம்ப் எரியும். மீட்டரில் எதுவும் காட்டாமலே உங்கள் வண்டி முன்சக்கர வண்டியாகிவிடும்.

எஞ்சின் ஆயில், பிரேக், டிஃபரென்ஷியல் ஆயில் எல்லாம் காரைக்குடியிலேயே செய்துகொள்ளலாம், ஆயில் கிரேடை நீங்களே எழுதிக் கொடுங்கள். கூலன்ட் குறைந்தால் மட்டும் குழாய்த் தண்ணீர் வேண்டாம். நம்மூர் சம்பை ஊற்றுத் தண்ணீர் எவ்வளவு ருசியாக இருந்தாலும், ரேடியேட்டருக்கு டிஸ்டில்டு வாட்டரும் சரியான கூலன்ட்டும்தான்.

கொத்தமங்கலம்: ஏ8எல் ஏர் சஸ்பென்ஷன் நல்லா இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சாயங்காலம் நிறுத்தியதும் சக்கர நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நாலு மூலையிலும் டேப் வைத்து அளந்து எழுதுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யாமல் மறுபடி அளங்கள். ஒரு மூலை மட்டும் ஒரு செ.மீ.க்கு மேல் இறங்கியிருந்தால் அங்கே ரப்பர் பெல்லோஸ் (காற்று அடைத்த பை) கசிகிறது. கசிவை விட்டால் அதற்குக் காற்றடிக்கும் கம்ப்ரெஸர் ஓய்வில்லாமல் ஓடிக் கருகும். ஆகவே கம்ப்ரெஸர் போயிருக்கிறது என்று சொல்லும் வண்டியில் பெல்லோஸும் போயிருக்கும் என்றே விலை பேசுங்கள். புதுக் கம்ப்ரெஸர் போடும்போது ரிலேயையும் சேர்த்து மாற்றுங்கள்.

திருப்பத்தூர்: சென்னை வண்டி ஒண்ணு ரொம்ப மலிவா வருது. வெள்ளத்துல நின்னதான்னு எப்படித் தெரியும்?

2015 வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் நிறைய வண்டிகளை நனைத்திருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். அடியில் சேற்று வரி இருக்கும், அதை யாரும் கழுவுவதில்லை. சீட் ரெயில் போல்ட்டில் துரு, ஸ்டெப்னி குழியில் மண், கார்ப்பெட்டுக்கு அடியில் ஃபோம் ஈரம், இதையெல்லாம் பாருங்கள். ஆல் வீல் டிரைவில் கூடுதலாக ஒன்று: டிஃபரென்ஷியலில் காற்று போக ஒரு சின்னத் துளை உண்டு, வெள்ளத்தில் அதன் வழியே தண்ணீர் இறங்கும். ஃபில்லர் பிளக்கைத் திறந்து விரலை விட்டு எடுங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் நடையைக் கட்டுங்கள். இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரமும் கேளுங்கள்.

காளையார்கோவில்: டெல்லி டீசல் வண்டி?

அங்கே பத்து வருடம் தாண்டிய டீசலுக்குத் தடை வந்ததால் மலிவு. வாங்கினால் ஃபார்ம் 28 என்ஓசி (அங்குள்ள ஆர்டிஓவின் ஆட்சேபணையில்லாச் சான்று), இங்கே ஆயுள் வரி, புது நம்பர் எல்லாம் உங்கள் செலவு. அதையெல்லாம் கூட்டிய பிறகும் மலிவா என்று பாருங்கள். கடன் இருந்திருந்தால் அது தீர்ந்ததைக் காட்டும் ஃபார்ம் 35-ம் பேங்க் கடிதமும் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது.

செக்காலை: டீசல் எடுத்தா டவுனுக்குள்ளயே ஓட்டலாமா?

டீசல் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் இருந்தால் அடைக்கும். வாரம் ஒரு தடவை திருமயம் வரை நிறுத்தாமல் போய்த் திரும்புங்கள். அதற்கு நேரமில்லை என்றால் பெட்ரோல் எடுங்கள்.

ஆத்தங்குடி: வழியில நின்னுட்டா?

ஃப்ளாட்பெட் லாரிதான். முன்சக்கரத்தை மட்டும் தூக்கி இழுக்கும் கிரேன் வந்தால் ஏற்ற விடாதீர்கள். பின்சக்கரம் தரையில் சுற்றினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் வழியிலேயே போய்விடும். ஃபோன் செய்யும்போதே "நாலு சக்கரமும் மேல ஏறணும்" என்று சொல்லிவிடுங்கள். இன்சூரன்ஸில் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் இருந்தால் ஃப்ளாட்பெட் காரைக்குடிப் பக்கம் வருமா என்று பாலிசி எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.