ஒளிரும் துத்தநாகக் கற்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

நியூ ஜெர்சியின் ஃபிராங்க்ளின் சுரங்கத்துக் கல் என்று ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். பச்சையும் சிவப்புமாக ஒளிரும் என்றார்கள். என் புற ஊதா டார்ச்சில் ஒன்றுமே தெரியவில்லை. ஏமாந்துவிட்டேனா?

அவசரப்படாதீர்கள், குறை டார்ச்சில் இருக்கலாம். கள்ள நோட்டு பார்க்கிற டார்ச்சுகள் 365 அல்லது 395 நானோமீட்டர் அலையைத்தான் தரும். இந்தக் கல்லுக்கு அதைவிடக் குறுகிய, 254 நானோமீட்டர் அலை தரும் புற ஊதா விளக்கு வேண்டும். அறையை நன்றாக இருட்டாக்கிவிட்டுப் பாருங்கள். வில்லமைட் என்ற துத்தநாகக் கனிமம் இருக்கும் இடம் பளீரென்று பச்சையாகும், கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் தணல் மாதிரி சிவக்கும். நடுவே கறுப்பாகவே கிடக்கும் மணிகள் ஃபிராங்க்ளினைட், இரும்பும் துத்தநாகமும் சேர்ந்த கனிமம். அவை எந்த விளக்குக்கும் மசியாது. இரண்டு நிறத்துக்கும் காரணம் கல்லில் கலந்திருக்கும் சிறிதளவு மாங்கனீசுதான். விளக்கை அணைத்த பிறகும் சில வில்லமைட் துண்டுகள் கொஞ்ச நேரம் மினுங்கும்.

கல்லைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துச் சோதிக்க வேண்டாம். சாதாரணக் கண்ணாடி இந்த அலையை உள்ளே விடாது. அப்புறம், இந்த வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி அணியாமல் விளக்கைத் தொடாதீர்கள்.

விரல் நீளத்துக்கு ஆரஞ்சு நிற ஜிங்கைட் படிகம், மலிவு விலையில் வருகிறது. வாங்கலாமா?

அழகுக்கு என்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் அது அநேகமாக போலந்து உருக்காலை ஒன்றில் உருவானதாக இருக்கும். உலையில் எழுந்த துத்தநாக ஆவி காற்றோடு சேர்ந்து, புகைபோக்கிச் சுவரில் படிகமாகப் படிந்தது. வேதியியல்படி இதுவும் துத்தநாக ஆக்சைடுதான், போலி என்று சொல்ல முடியாது. சுரங்கக் கல் என்று சொல்லி விற்றால் மட்டும் அது பொய். ஃபிராங்க்ளினில் இயற்கையாகக் கிடைப்பது பெரும்பாலும் அடர்சிவப்பு மணிகளாகப் பாறைக்குள் பொதிந்தே இருக்கும். முழு வடிவப் படிகம் அபூர்வம், விலையும் அதற்கேற்றபடி இருக்கும்.

வினிகரில் ஊறவைத்துக் கழுவலாமா?

கூடவே கூடாது. கால்சைட் நுரைத்துக் கரைந்துவிடும், ஜிங்கைட்டும் அமிலத்துக்குத் தாங்காது. தண்ணீரும் மென்மையான பல்துலக்கியும் போதும்.

ஒரே இடத்தில் எப்படி இத்தனை வகைக் கனிமங்கள்?

ஃபிராங்க்ளினிலும் பக்கத்துச் சுரங்கமான ஸ்டெர்லிங் ஹில்லிலும் சேர்த்து 350க்கும் மேற்பட்ட கனிமங்கள் பதிவாகியுள்ளன. துத்தநாகம் பொதுவாகக் கந்தகத்தோடு சேர்ந்து ஸ்ஃபாலரைட்டாகக் கிடைக்கும். இங்கே கந்தகம் மிகக் குறைவு. அதனால் துத்தநாகம், மாங்கனீசு, இரும்பு மூன்றும் ஆக்சிஜனோடும் சிலிக்காவோடும் சேர்ந்தன. 100 கோடி ஆண்டுகளுக்கு முன்பே கடும் வெப்பமும் அழுத்தமும் இவற்றை உருமாற்றின. பிற்பாடு விரிசல்களில் புகுந்த வெந்நீர் புதிது புதிதாகக் கனிமங்களைப் படியவைத்தது.

ராஜஸ்தானின் ஜாவர் சுரங்கத்தில் இவை கிடைக்குமா?

கிடைக்காது. அங்கே இருப்பது ஸ்ஃபாலரைட் தாது. ஜாவருக்கு உள்ள பெருமை வேறு: துத்தநாகத்தை ஆவியாக்கி வடித்தெடுத்த பழைய உலைகளும் மண் குடுவைகளும். ஒளிரும் கல்லைத்தான் பார்க்க வேண்டும் என்றால், 1986இல் மூடப்பட்டு இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் ஸ்டெர்லிங் ஹில்லுக்குப் போங்கள்.