அரங்கில் கிடக்கும் ஹெரால்டு கதவுகள் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: திருநெல்வேலி சிந்துபூந்துறையில் எங்கள் பழைய வீடு இருக்கிறது. அப்பா 2021-இல் காலமானார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். நான் ஒரே பிள்ளை. வீட்டைப் பழுது பார்த்து, பின்பக்கம் மட்டும் எடுத்துக் கட்டலாம் என்று இருக்கிறேன். அப்பாவின் நண்பர் ஒருவர், நான் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன், ஜங்ஷன் பக்கம் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். 2008-இல் அதை மூடியபோது ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அம்பாசிடர், பத்மினி வண்டிகளின் ஸ்பேர் பார்ட்ஸை எங்கள் வீட்டு அரங்கிலும் (சாமான் வைக்கும் உள்ளறை) மச்சிலும் அடுக்கி வைத்தார். வாடகை பேசவில்லை, எழுத்தும் இல்லை. என்னென்ன வைத்தார் என்று அவர் கைப்பட எழுதிய ஒரு நோட்டு மட்டும் இருக்கிறது. 2017-இல் அவரும் இறந்துவிட்டார். மனைவி முன்பே தவறிவிட்டார். மகன் ஷார்ஜாவில், மகள் தென்காசியில். இதுவரை யாரும் கேட்கவில்லை. கான்ட்ராக்டர், 'இரும்பை எடைக்குப் போட்டு இடிப்புக் கூலியில் கழித்துக்கொள்கிறேன்' என்கிறார். கோவையிலிருந்து பழைய கார் ஆர்வலர்கள் இருவர் வந்து பார்த்து, ஒன்றையும் வெளியே போடாதீர்கள் என்று கெஞ்சிவிட்டுப் போனார்கள். எனக்கும் பாழாக்க மனமில்லை. பன்னிரண்டு வருஷம் தாண்டிவிட்டதால் இவை எனக்குச் சொந்தம் என்கிறார்கள். சரிதானா?

பதில்: சரியில்லை. முதல் வேலையாகக் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு, இரும்புப் பேச்சை விட்டுவிடச் சொல்லுங்கள். மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

பன்னிரண்டு வருஷக் கணக்கை நம் ஊரில் டீக்கடை வரை சொல்வார்கள். அது வீடு, நிலம் போன்ற அசையாச் சொத்துக்கானது. அதிலும் உரிமையாளருக்கு எதிராக, அவர் அறியும்படி அனுபவித்து வந்திருக்க வேண்டும். நம்பி ஒப்படைத்த அசையும் பொருளுக்கு 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தில் வேறு விதி இருக்கிறது. பொருளுக்கு உரியவர் கேட்டு, வைத்திருப்பவர் தர மறுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. பெரியப்பா பிள்ளைகள் இன்னும் கேட்கவில்லை, நீங்களும் மறுக்கவில்லை. அந்த மூன்று ஆண்டுக் கணக்கே இன்னும் தொடங்கவில்லை.

எழுத்து இல்லாததும் பெரிய விஷயமில்லை. ஒருவர் பொருளை இன்னொருவரிடம், பிறகு திருப்பித் தர வேண்டும் என்ற எண்ணத்தோடு கொடுத்தாலே 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 148-ஆவது பிரிவுப்படி அது ஒப்படைப்பு ஆகிவிடும். கூலியில்லாத ஒப்படைப்பு இருவரில் ஒருவர் இறந்ததுமே முடிந்துபோகும் என்கிறது 162-ஆவது பிரிவு. முடிந்துவிட்டது என்றால் பொருள் உங்களுக்கு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. 2017 முதல் அவை அந்த மகனுக்கும் மகளுக்கும் உரியவை. உங்கள் குடும்பம் பாதுகாத்து வருகிறது, அவ்வளவுதான். தெரிந்தே எடைக்குப் போட்டால் விஷயம் சிவில் வழக்கோடு நிற்காது. நேர்மையற்ற எண்ணத்தோடு செய்ததாகக் காட்டப்பட்டால், நம்பிக்கை மோசடிக்கு, இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆவது பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்தால் நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று தெரிகிறது. ஆனால் கான்ட்ராக்டர் செய்தாலும் அந்தப் பிள்ளைகள் முதலில் கேட்கப்போவது உங்களைத்தான்.

எடைக்குப் போடுவது சட்டத்துக்கு மட்டும் ஆகாத காரியம் இல்லை. ஹெரால்டு சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூர்ப் பக்கம் செய்த வண்டி. 1961-இல் வரத் தொடங்கி, எழுபதுகளின் தொடக்கத்தில் நின்றுபோனது. அதன் நாலு கதவு மாடல் இந்தியாவில் மட்டுமே வந்தது. இங்கிலாந்தில் ஓடியவற்றுக்கு இரண்டு கதவுதான். அதனால் இஞ்சின் சாமானை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தாலும், பின்கதவை எங்கிருந்தும் வரவழைக்க முடியாது. நோட்டில் 'பின் கதவு இடது 2, வலது 1' என்று இருக்கிறதாக நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கே பதறிவிட்டது. அம்பாசிடர் 2014 வரை வந்த வண்டி, அதன் சாமான் இன்னும் கிடைக்கும். ஹெரால்டு கதவு பழைய இரும்புக் கடைக்குப் போனால் போனதுதான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 'விஏ' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு கொண்டுவந்தார்கள். சேஸிஸ் (அடிச்சட்டம்), பாடி, இஞ்சின் மூன்றும் மூல வடிவத்தில் இருந்தால்தான் அந்தப் பதிவு கிடைக்கும். ஒரிஜினல் பாகத்தைத் தேடிக் கோவையிலிருந்து ஆள் வருவது இதனால்தான். ஆகவே மச்சில் இருக்கும் சாமான்களில் இஞ்சின் பிளாக், சேஸிஸ் பிளேட் இருந்தால் அவற்றின் எண்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய ஆர்.சி. புத்தகம் எந்த டப்பாவிலாவது இருந்தால், அது எந்த எண்ணோடு சேர்ந்தது என்று பார்த்து அதனோடேயே வையுங்கள். எண் தேய்ந்த இஞ்சினைத் துடைத்து எடுக்கிறேன் என்று அரம் போட விடாதீர்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் அரங்குக்குள் தண்ணீர் புகுந்து சில பேரிங்குகள் துருப்பிடித்ததாகச் சொல்கிறீர்கள். அதற்கு நீங்கள் ஈடு தர வேண்டியதில்லை. சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்திருந்தால் போதும் என்கின்றன ஒப்பந்தச் சட்டத்தின் 151, 152-ஆவது பிரிவுகள். தாமிரபரணி ஏறி வந்த அந்த இரண்டு நாளில் நீங்கள் பெட்டிகளை மச்சுக்கு ஏற்றியிருக்கிறீர்கள். அக்கம்பக்கத்தாருக்கும் அது தெரியும். அப்போது எடுத்த போட்டோ இருந்தால் அழிக்காமல் வையுங்கள்.

இனி செய்ய வேண்டியது. நோட்டீஸ் அனுப்பும் முன் தென்காசித் தங்கச்சிக்கு, அதாவது பெரியப்பா மகளுக்கு, போன் செய்யுங்கள். உன் அப்பா வைத்த சாமான் பத்திரமாக இருக்கிறது, வீட்டு வேலை ஆரம்பிக்கிறேன், என்ன செய்யலாம் என்று கேளுங்கள். வக்கீல் கடிதம் முதலில் போனால் இத்தனை வருஷ உறவு கெட்டுப்போகும். அப்புறம், இடிப்பு தொடங்கும் முன், நோட்டை வைத்து ஒவ்வொரு சாமானாகச் சரிபார்த்துப் பட்டியல் போடுங்கள். போட்டோவும் எடுங்கள், வெளியாள் இருவர் கையெழுத்தும் வாங்குங்கள். கோவைக்காரர்களை இதற்குக் கூப்பிடலாம், எது என்ன என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் ஒரு நட்டு கூட அவர்கள் கையில் போகக் கூடாது. பழைய பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட் தூசியை ஊதவோ தேய்க்கவோ வேண்டாம், அந்தக் காலத்தவற்றில் மூச்சில் போனால் கேடு செய்யும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும்.

அதன் பிறகு பட்டியலோடு இருவருக்கும், ஒப்புகை வரும் தபாலில் ஒரு கடிதம். இரண்டு மாத அவகாசம் கொடுத்து, அதற்குள் எடுக்காவிட்டால் வாடகைக்கு ஒரு குடோன் பார்த்து மாற்றுவேன், அந்தச் செலவு உங்களுடையது என்று எழுதுங்கள். பொருளைக் காக்க ஆன அவசியச் செலவைக் கேட்க ஒப்பந்தச் சட்டத்தின் 158-ஆவது பிரிவு உங்களுக்கு இடம் தருகிறது. இத்தனை வருஷ வாடகையைக் கேட்க முடியாது, அது பேசப்படவே இல்லை. செலவு வரும்வரை சாமானைத் தரமாட்டேன் என்று பிடித்து வைக்கவும் முடியாது. 170-ஆவது பிரிவில் சொல்லும் அந்த உரிமை, பொருளின் மேல் தன் உழைப்பையோ திறமையையோ செலுத்தி வேலை செய்தவருக்கு உரியது. வெறுமனே வைத்திருந்தவருக்கு இல்லை.

இருவரும் ஒத்துவந்தால் வாரிசுச் சான்றிதழ் நகல் வாங்கிக்கொண்டு, இருவர் கையெழுத்தோடு கொடுத்துவிடுங்கள். உங்களிடமே இருக்கட்டும் என்று அவர்கள் சொன்னால் புதிதாக ஒரு ஒப்பந்தம் எழுதுங்கள்: எத்தனை நாள், யார் பொறுப்பு, விற்றால் வண்டியைச் சீர்செய்கிறவர்களுக்கு மட்டும். உங்களுக்கே அன்பளிப்பாகத் தர நினைத்தால், அசையும் பொருளை ஒப்படைத்தாலே அன்பளிப்பு செல்லும், பத்திரப் பதிவு தேவையில்லை. இருந்தாலும் ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள். அண்ணன் ஒன்று, தங்கை ஒன்று என்று கேட்டுச் சண்டை வந்தால் நீங்கள் நடுவில் மாட்ட வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் வழக்குக்கு முன்பே இருவரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். அதிலும் தீராவிட்டால், 'எனக்கு இதில் உரிமை இல்லை, யாருக்குத் தருவது என்று சொல்லுங்கள்' என்று பொருளை வைத்திருப்பவரே போடக்கூடிய வழக்கு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 88-ஆவது பிரிவில் இருக்கிறது.

வீட்டு விஷயம் சுருக்கமாக. பூச்சு, தளம், வெள்ளையடிப்பு போன்ற பழுதுக்கு மாநகராட்சி அனுமதி வேண்டியதில்லை. பின்பக்கம் எடுத்துக் கட்டுவதற்குக் கட்டாயம் வேண்டும், வேலைக்கு முன்பே வரைபடத்தோடு விண்ணப்பியுங்கள். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருந்தால் அவர்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அதில் கை வைக்காதீர்கள்.

கான்ட்ராக்டருடன் போடும் ஒப்பந்தத்தில் 'இடிப்பில் கிடைக்கும் பொருள் அனைத்தும் கான்ட்ராக்டருக்கு' என்ற வரி வழக்கமாக இருக்கும். அதை அடித்துவிட்டு, தேக்கு உத்திரமும் கதவு நிலையும் உங்களுக்கு, பட்டியலில் உள்ள சாமான் எதுவும் அவருக்கு இல்லை என்று எழுதி, பட்டியலை ஒப்பந்தத்தோடு இணைத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

அந்த நோட்டை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினல் பெரியப்பாவின் கையெழுத்து, அது தங்கச்சிக்கும் அண்ணனுக்கும் உரியது. சாமானை ஒப்படைக்கும் நாளில், கடைசிப் பக்கத்தில் பெற்றுக்கொண்டோம் என்று எழுதி வாங்கி, அதை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு அவர்கள் கையில் கொடுங்கள்.