கப்பல் கரை சேர்ந்துவிட்டது, தலை இன்னும் கடலில்

கேள்வி: எனக்கு வயது 52. ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன், வேறு நோய் இல்லை. கணவருடன் 7 இரவுகள் சொகுசுக் கப்பலில் போய் வந்தேன். ஆரம்பத்தில் அலை அதிகம் இருந்ததால் குமட்டலைத் தடுக்கும் பேட்ச்சைக் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டேன். 3 நாளுக்கு ஒன்று வீதம் 2 பேட்ச். இறங்குவதற்கு முந்தைய நாள் எந்தத் துறைமுகமும் கிடையாது, முழுக்கக் கடல்தான். அலையே தெரியவில்லை. இனி எதற்கு என்று பேட்ச்சை எடுத்துவிட்டு, மேல்தளத்தில் சாய்வு நாற்காலியில் மாலை வரை படுத்துக் கிடந்தேன். பயணத்திலேயே எனக்குப் பிடித்த நாள் அதுதான். மறுநாள் காலை இறங்கியதிலிருந்து தரை ஆடுகிறது. இன்று 4ஆம் நாள். கண்ணை மூடித் தலைக்கு ஷாம்பூ போட்டால் குளியலறைச் சுவர் என் பக்கம் சாய்ந்து வருகிறது. காரில் போகும்போது மட்டும் ஒன்றுமே இல்லை. மூளையில் ஏதாவது கோளாறா? ஸ்கேன் எடுக்க வேண்டுமா? வெயிலில் படுத்ததால் மூக்குத் தோலும் உரிகிறது.

பதில்: நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியில்தான் பாதி விடை இருக்கிறது. 'காரில் போகும்போது மட்டும் ஒன்றுமே இல்லை' என்கிறீர்களே, அந்த வரி. மற்ற தலைசுற்றல்கள் பெரும்பாலும் வண்டியில் ஏறினால் கூடும். வண்டியில் ஏறினால் அடங்கி, இறங்கி நின்றதும் திரும்பி வரும் ஆட்டம் என்றால் நாங்கள் முதலில் கேட்பது, "அண்மையில் கப்பலில் போனீர்களா?" என்பதைத்தான்.

ஆடுவது தரை அல்ல என்பது உங்களுக்கே தெரியும். ஆடாத தரையை ஆடுவதாக மூளை ஏன் கணக்குப் போடுகிறது என்பதுதான் கேள்வி. நாம் நிமிர்ந்து நிற்க மூன்று இடங்களிலிருந்து மூளைக்குத் தகவல் போகிறது: கண், பாதமும் மூட்டுகளும், உள்காது. உள்காதில் தலை திரும்புவதைச் சொல்ல 3 அரைவட்டக் குழல்கள் உண்டு. தலை சாய்வதையும் மேலும் கீழும் போவதையும் சொல்ல, கால்சியம் கார்பனேட் துகள்கள் பதிந்த இரண்டு சிறு பைகள் உண்டு. கப்பலுக்குள் உட்கார்ந்திருக்கும்போது சுவரும் மேசையும் அசையவில்லை என்று கண் சொல்லும். அசைகிறோம் என்று உள்காது சொல்லும். இந்த முரண்தான் முதல் 2 நாள் குமட்டல்.

பிறகு மூளை ஒரு சமாதானத்துக்கு வருகிறது. அடுத்த சாய்வு எப்போது வரும், எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே கணித்து, உங்களுக்குத் தெரியாமலே கால் தசைகளுக்கும் கண் தசைகளுக்கும் கட்டளை அனுப்பத் தொடங்குகிறது. பலருக்கு 2, 3 நாளில் இது கைவந்துவிடும். தட்டில் வழிய வழிய சாப்பாடு எடுத்துக்கொண்டு நேராக நடப்பீர்களே, அதற்குள் மூளை தேறிவிட்டது என்று அர்த்தம்.

இறங்கிய பிறகும் மூளை அந்தக் கணிப்பை விடவில்லை. சாய்வு வரும் என்று எதிர்பார்க்கிறது, வரவில்லை. வராத சாய்வுக்கும் ஈடு கொடுக்கிறது. அந்த ஈடுதான் உங்களுக்கு ஆட்டமாகத் தெரிகிறது. குளியலறையில் கண்ணை மூடியதும் மூன்று சாட்சிகளில் ஒன்று போய்விடுகிறது. அதனால்தான் அங்கே அதிகம். ஷாம்பூ போடும்போது ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொள்ளுங்கள். அழுத்திப் பிடிக்க வேண்டியதில்லை, விரல் நுனி பட்டாலே மூளைக்கு ஒரு புது சாட்சி கிடைத்துவிடும்.

கடல் அவ்வளவு அமைதியாக இருந்த நாளுக்கு அடுத்து ஏன் இப்படி என்று குழம்பியிருப்பீர்கள். அலை கண்ணுக்குத் தெரியவில்லையே தவிர, கப்பல் அசையாமல் இல்லை. பக்கவாட்டுச் சாய்வைக் குறைக்க இப்படிப்பட்ட கப்பல்களின் அடிப்பக்கத்தில் துடுப்பு போன்ற தகடுகள் நீட்டியிருக்கும். அவை குறைக்கும், நிறுத்தாது. பெரிய கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் போய்த் திரும்ப 10 விநாடிக்கு மேலும் ஆகலாம். அவ்வளவு மெதுவான அசைவு மனதுக்கு எட்டாது. உள்காதுக்கு எட்டும். நீங்கள் சாய்வு நாற்காலியில் அரைத்தூக்கத்தில் கிடந்தபோதும் அந்தத் தாலாட்டை அது ஒன்றுவிடாமல் குறித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. உங்களுக்குத்தான் ஓய்வு நாள், அதற்கு இல்லை.

ஆனால் அந்த மதியம் இன்னொன்றும் செய்தீர்கள். பேட்ச்சை எடுத்தீர்கள். அதில் இருப்பது ஸ்கோபோலமைன் என்ற மருந்தாகத்தான் இருக்கும். பல நாள் தொடர்ந்து ஒட்டியிருந்து எடுத்தால், சிலருக்கு ஒரு நாளோ அதற்கும் மேலோ கழித்துத் தலைசுற்றல், குமட்டல், தலைவலி, நிலைதடுமாற்றம் வரும். மருந்துக்குப் பழகிய உடம்பு அது இல்லாமல் படும் அவஸ்தை. உங்கள் கணக்கில் 6 நாள் ஒட்டியிருக்கிறீர்கள், ஆகவே இதையும் சந்தேகப் பட்டியலில் வைக்கிறேன். ஆனால் நீங்கள் குமட்டலோ தலைவலியோ எழுதவில்லை. மருந்து விட்ட தொல்லை காரில் ஏறியதும் நிற்கவும் நிற்காது. அதனால் முதல் சந்தேகம் கப்பல் மேல்தான், பேட்ச் மேல் கொஞ்சம்.

பேட்ச்சைத் தொட்ட கையைக் கழுவாமல் கண்ணைக் கசக்கினால் அந்தக் கண்ணின் பாவை மட்டும் பெரிதாகிப் பார்வை மங்கும். ஒரு பக்கப் பாவை விரிந்திருப்பது, மூளைக் கோளாறோ என்று எங்களையே ஒரு கணம் திடுக்கிட வைக்கும் அறிகுறி. காதுக்குப் பின்னால் பார்க்காமல் ஸ்கேனுக்கு அனுப்பப்பட்டவர்கள் உண்டு.

இறங்கிய அன்று தரை ஆடுவது கப்பலில் போனவர்களில் மிகப் பலருக்கு வரும். சில மணி நேரத்தில், மிஞ்சிப்போனால் 2 நாளில் போய்விடும். உங்களுக்கு 4ஆம் நாள் என்பதால் 'ஒன்றுமில்லை, போங்கள்' என்று சொல்லி அனுப்ப மாட்டேன். 48 மணி நேரத்தைத் தாண்டினால் அதற்குத் தனிப் பெயரே இருக்கிறது, கரையிறங்கிய நோய் என்ற பொருள் தரும் பிரெஞ்சுப் பெயர் (Mal de débarquement). அதற்கான இலக்கணத்தைக் காது சமநிலை மருத்துவர்களின் பன்னாட்டு அமைப்பான பாரனி சங்கம் 2020இல் வகுத்தது. பயணம் முடிந்த 48 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், சுழலாமல் ஊசல்போல ஆட வேண்டும், வண்டியில் போகும்போது தற்காலிகமாகக் குறைய வேண்டும். நடுவயதுப் பெண்களிடம்தான் இது அதிகம் காணப்படுகிறது. பயப்பட வேண்டாம், ஒரு மாதத்துக்குள் தானாகவே அடங்கிவிடும் வாய்ப்பு உங்களுக்கு இப்போதும் இருக்கிறது. ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால்தான் நாள்பட்டது என்ற கணக்கில் வரும்.

ஸ்கேனைப் பற்றி: இந்த நோயில் மூளை ஸ்கேன் இயல்பாகத்தான் வரும். வேறு எதுவும் இல்லை என்று உறுதி செய்யச் சில நேரம் எடுப்போம். நீங்கள் சொன்னதை மட்டும் வைத்து இன்றே ஓட வேண்டியதில்லை. ஆனால் பேச்சு குழறுவது, ஒரு பக்கக் கை கால் வலுவிழப்பது, பொருட்கள் இரண்டாகத் தெரிவது, இதுவரை வராத கடுந்தலைவலி, பிடிமானம் இல்லாமல் நிற்கவே முடியாத நிலை, இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தப் பதிலை மூடிவிட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலும் அன்றே காட்ட வேண்டும், அதற்கான சிகிச்சை தாமதித்தால் பலன் குறையும்.

நாளைக் காலை வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். 5 நிமிடம் படுத்திருந்து ரத்த அழுத்தம் பாருங்கள். எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், உங்கள் ஆட்டத்தில் மாத்திரைக்கும் நீர்ச்சத்துக் குறைவுக்கும் பங்கு இருக்கலாம். அப்படியானால் மாத்திரை எழுதிய மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். படுக்கையில் புரளும்போது மட்டும் அரை நிமிடம் அறை சுழன்றால் அது வேறு கதை. உள்காதுத் துகள் இடம் மாறியதால் வருவது, தலையைச் சில கோணங்களில் திருப்பியே சரிசெய்யலாம்.

மருந்து விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஆட்டம் நிற்கட்டும் என்று மிச்சமிருக்கும் பேட்ச்சை மறுபடி ஒட்டாதீர்கள். கப்பலில் குமட்டலைத் தடுத்த மருந்துகள் கரையிறங்கிய ஆட்டத்துக்குப் பயன்படுவதில்லை. தூக்கக் கலக்கம் தரும், மூளை மறுபடி தரைக்குப் பழகுவதைத் தள்ளிப்போடவும் கூடும். படுத்தே கிடப்பதும் உதவாது. வெளியே நடங்கள், பாதத்தைப் பார்க்காமல் தூரத்தில் ஒரு மரத்தையோ கட்டடத்தையோ பார்த்தபடி. இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். தூக்கம் குறைந்தால் ஆட்டம் கூடும், அதனால் இந்த வாரம் தூக்கத்தில் சமரசம் வேண்டாம். சும்மா நிற்கும்போது, ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் போய்த் திரும்ப எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக் குறித்து வையுங்கள். பலருக்கு ஏறக்குறைய 5 விநாடி வரும். இது விளையாட்டுக்குச் சொல்வதல்ல. நகரும் கோடுகளைப் பார்க்க வைத்து, நோயாளியின் ஆட்டத்தின் வேகத்துக்கு ஏற்பத் தலையைப் பக்கவாட்டில் சாய்த்துச் சாய்த்து மூளையை மறுபடி பழக்கும் சிகிச்சை ஒன்றை நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவர்கள் 2014இல் வெளியிட்டார்கள். அதற்கு இந்த எண் வேண்டும். ஒரு மாதம் கழித்தும் ஆட்டம் நிற்காவிட்டால், இப்படிச் சமநிலைப் பயிற்சி தரும் காது மூக்கு தொண்டை நிபுணரையோ நரம்பியல் நிபுணரையோ பாருங்கள். நாள்பட்டவர்களுக்கு மாத்திரைகளும் உண்டு, அவை நேரில் பார்த்து முடிவு செய்ய வேண்டியவை.

அடுத்த பயணம் போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, எப்படியும் கேட்பீர்கள். இந்த ஆட்டம் முழுக்க நின்று சில மாதம் ஆகட்டும். ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வர வாய்ப்பு உண்டு என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

மூக்கைப் பற்றி: கடல் காற்று சூட்டை உணரவிடாது, தண்ணீரும் கொஞ்சம் ஒளியைத் திருப்பி அடிக்கும், அதனால் படுத்திருந்தபோது தெரிந்திருக்காது. வாசனை இல்லாத ஈரப்பதக் கிரீம் போடுங்கள். உரியும் தோலைப் பிய்க்காதீர்கள், தானாக விழட்டும்.