ராக்கெட் செலவைக் குறைப்பது எது? ஒரு மாணவரின் கேள்வி

கேள்வி: இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ராக்கெட் துறையில் சேர ஆசை. ஏவும் செலவு குறைந்ததற்குப் புதிய தொழில்நுட்பமே காரணம் என்கிறார்கள். நான் புதுவகை எஞ்சின் ஆராய்ச்சிக்குப் போவதா, உற்பத்தித் துறைக்குப் போவதா?

பதில்: உற்பத்திக்குப் போங்கள். தயக்கமின்றிச் சொல்கிறேன்.

2010-இல் முதன்முதலில் பறந்த, ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். அதன் மெர்லின் எஞ்சின் எரிப்பது, சுத்திகரித்த மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும். ராக்கெட் யுகத்தின் தொடக்கத்திலேயே புழங்கிய இணை இது. எரிபொருளை உள்ளே பீய்ச்சும் அமைப்பின் வகைகூட அப்பல்லோ நிலவு இறங்குகலத்தில் இருந்ததுதான். திறனில் நாசாவின் விண்வெளி ஓடத்தின் (ஸ்பேஸ் ஷட்டில்) ஹைட்ரஜன் எஞ்சின் இதைவிட எவ்வளவோ மேல்.

கெட்டிக்காரத்தனம் வேறிடத்தில் இருக்கிறது. முதல் அடுக்கில் ஒன்பது மெர்லின். இரண்டாம் அடுக்கிலும் அதே எஞ்சின்தான், வெற்றிடத்துக்கேற்ற அகன்ற நாசிலுடன் (வாயு வெளியேறும் கூம்பு). ஒரு ராக்கெட்டுக்குப் பத்து எஞ்சின் என்பதால் உற்பத்தி வரிசை ஓயாமல் ஓடுகிறது, ஒவ்வொன்றின் விலையும் இறங்குகிறது. சாலை வழியே லாரியில் கொண்டுபோக முடிகிற அளவாக விட்டம் சுமார் 3.7 மீட்டர். எரிபொருள் தீர்ந்து எடை குறைந்த முதல் அடுக்கை மறுபடி பயன்படுத்தத் தரையிறக்க, ஒன்பதில் ஒன்றை மட்டும் இயக்கினால் போதும். ஒரே ராட்சத எஞ்சின் இருந்திருந்தால் அதன் விசையை அந்த அளவுக்குத் தணிப்பது மிகக் கடினம்.

அந்த ஒரு எஞ்சினின் குறைந்தபட்ச விசையும் அடுக்கின் எடையைவிட அதிகம். அந்தரத்தில் நின்று நிதானிக்க வழியில்லை. தரையைத் தொடும் கணத்தில் வேகம் பூஜ்யமாக வேண்டும். பறக்கும்போதே பாதையைக் கணக்கிடும் மென்பொருள் இங்கே உண்மையான புதுமை, அதை மறுக்கமாட்டேன். 2015 டிசம்பரில் முதல் அடுக்கு தரையிறங்கியது. 2017 மார்ச்சில் ஒரு முறை பறந்த அடுக்கு மீண்டும் பறந்தது.

ஆனால் மீண்டும் பயன்படுத்தினாலே மலிவாகிவிடாது. விண்வெளி ஓடமும் திரும்பி வந்தது. ஆயிரக்கணக்கான வெப்பக் காப்பு ஓடுகளை ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் சோதித்தாக வேண்டியிருந்ததால் செலவு குறையவேயில்லை.

புதுமையை மட்டும் நம்பினால் என்னாகும் என்பதற்கு எக்ஸ்-33 என்ற சோதனை விண்கலம் சாட்சி. நாசாவும் லாக்ஹீட் மார்ட்டினும் 1996-இல் தொடங்கிய திட்டம். எஞ்சின், உடல் வடிவம், இழைக்கலவையாலான ஹைட்ரஜன் தொட்டி எல்லாமே புதிது. 1999-இல் சோதனையின்போது தொட்டியின் சுவர் பிளந்தது. 2001-இல் திட்டம் கைவிடப்பட்டது. கலம் ஒருமுறைகூடப் பறக்கவில்லை.

புதுமை உற்பத்திக்குத் துணை நின்றால் கதை வேறு. சென்னையின் அக்னிகுல் நிறுவனம் ஒரே துண்டாக முப்பரிமாண அச்சு (3டி பிரிண்டிங்) முறையில் உருவாக்கிய எஞ்சினை 2024 மே மாதம் பறக்கவிட்டது. வெல்டிங் செய்யும் இணைப்புகள் குறைந்தால் வேலை நாட்களும் சோதனைகளும் குறையும்.

ஆகவே வெல்டிங், வால்வு, எரிபொருளை எஞ்சினுக்குள் அழுத்தித் தள்ளும் டர்போபம்ப், கட்டுப்பாட்டியல், கூடவே செலவுக் கணக்கியல் ஆகியவற்றைக் கற்றுக்கொள்ளுங்கள். இறுதியாண்டுத் திட்டத்துக்கு ஒரு வால்வை எடுத்து, பாதி உதிரிபாகங்களில் அதே வேலையைச் செய்யும்படி மாற்றி வடிவமையுங்கள். எத்தனை ரூபாய் மிச்சமாகிறது என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள்.