எடையை வைத்துத் தண்ணீர் அளவைக் கணக்கிடுவது சரியா?

எடை 60 கிலோ, வேலை மாற்றலாகிக் காரைக்குடிக்கு வந்திருக்கிறேன், எத்தனை லிட்டர் குடிக்கணும் என்று கேட்டிருக்கிறீர்கள். கிலோவுக்கு 35 மில்லி என்று பெருக்கினால் 2.1 லிட்டர் வரும். ஆரம்பிக்க அது போதும். ஆனால் அவ்வளவையும் பாட்டிலில் ஊற்றிக் குடிக்க வேண்டியதில்லை, சாப்பாட்டில் வருவதும் அதற்குள் அடக்கம்.

1945-லேயே அமெரிக்க உணவு, ஊட்டச்சத்து வாரியம் நாளுக்கு 2.5 லிட்டர் என்று சொல்லிவிட்டு, இதில் பெரும்பகுதி உணவிலேயே இருக்கிறது என்றும் எழுதியது. முதல் பாதியை மட்டும் ஊர் பிடித்துக்கொண்டது. வடித்த சோற்றின் எடையில் ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணீர்தான். ரசம், மோரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காப்பி சேராது என்பார்கள்; அளவாகக் குடித்தால் அதுவும் சேரும்.

இந்த ஊரில் உங்கள் கணக்கைப் புரட்டிப்போடப் போவது வியர்வை. என் மாமா கல்யாணச் சமையல்காரர். சித்திரை, வைகாசி முகூர்த்தத்தில் கோட்டையடுப்பு முன்னால் நிற்பவருக்கு 35 மில்லி கணக்கெல்லாம் காலைப் பலகாரத்துக்கே தாங்காது. அவரை அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றிப் பார்த்தோம். வேலைக்கு முன் 72 கிலோ, பந்தி முடிந்ததும் 71. சரி, ஒரு லிட்டர்தானே என்று விட்டுவிடக் கூடாது. நடுவில் அவர் குடித்த 2 லிட்டரையும் கூட்டணும். ஆக, ஏறக்குறைய 3 லிட்டர் போயிருக்கிறது. (ஈரச் சட்டையைக் கழற்றிவிட்டு நிற்கணும். இடையில் சாப்பிட்டிருந்தாலோ ஒன்றுக்குப் போயிருந்தாலோ கணக்கு கொஞ்சம் மாறும்.) வெயிலில் அலைகிற வேலை என்றால் நீங்களும் ஒரு நாள் இப்படி நிறுத்துப் பாருங்கள். எந்த செயலியும் இவ்வளவு சரியாகச் சொல்லாது.

போனதை ஒரே மூச்சில் ஈடுகட்டவும் கூடாது. சிறுநீரகம் மணிக்குச் சுமார் ஒரு லிட்டருக்கு மேல் வெளியேற்றாது. வெறும் தண்ணீரை அதற்கு மேல் தொடர்ந்து ஏற்றினால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், முற்றினால் வலிப்பு வரைக்கும் போகலாம். மாமா உப்புப் போட்ட நீர்மோரும் நீராகாரமும் அப்பப்போ குடிப்பார். அடுப்படிக்கு அதுதான் சரி.

அலுவலகத்தில் ஃபேனுக்குக் கீழே உட்காருகிற நாளில் இவ்வளவு கணக்கு வேண்டாம். தாகத்துக்குக் குடியுங்கள், சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். காலையில் முதலில் போவது அடர்த்தியாகத்தான் இருக்கும், அதை வைத்துப் பயப்படாதீர்கள். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டாலும் பளிச்சென்ற மஞ்சள் வரும்.

வயதானவர்களுக்குத் தாகம் மட்டுப்பட்டுவிடும். எங்கள் அப்பத்தா கேட்கவே மாட்டார், நாங்கள்தான் செம்பை எடுத்துக் கையில் கொடுப்போம். சிறுநீரகக் கல் வந்தவர்களுக்குக் கணக்கு வேறு: நாளுக்கு 2.5 லிட்டராவது சிறுநீர் வெளியேறுகிற அளவுக்குக் குடிக்கச் சொல்வார்கள். இதயம் பலவீனமானவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள் இதில் எதையும் பின்பற்றக் கூடாது. அவர்களுக்கு மருத்துவர் சொல்கிற அளவுதான், தாகம் எடுத்தாலும்.